நாயும் பூனையும் நமக்குத் தந்த பார்வை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். வளர்க்காதவர்களும் வாசிக்கலாம். உங்கள் கண்ணுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

என் வயதுக்காரர்கள் பலருக்குக் கண் உலர்வு உண்டு. மணல் விழுந்ததுபோல் உறுத்தும், எரியும். டாக்டர் சிலருக்கு சைக்ளோஸ்போரின் என்ற சொட்டு மருந்தை எழுதித் தருவார். மனிதர்களின் கண் உலர்வுக்கு அந்த மருந்தை அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதித்தது 2002 டிசம்பரில். அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1995இல், அதே மருந்து கண் களிம்பாக அங்கே அனுமதி பெற்றிருந்தது. யாருக்கென்று நினைக்கிறீர்கள்? நாய்களுக்கு!

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திய காலமெல்லாம் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும்தான் பாடம். மருத்துவ வரலாற்றை ஓய்வு பெற்ற பிறகுதான் ஆர்வமாக வாசிக்க ஆரம்பித்தேன். வீட்டில் இரண்டு பூனைகள். சாப்பாட்டு நேரம் பார்த்து வாசலுக்கு வரும் தெருநாய்கள் நான்கு. அவற்றின் கண்களைப் பார்த்து எழுந்த கேள்விகளே என்னை இந்த வாசிப்புக்குள் இழுத்துவிட்டன. வாசிக்க வாசிக்க ஒன்று புரிந்தது. நம் கண் மருத்துவம் நாய்களுக்கும் பூனைகளுக்கும் பெரிய கடன் பட்டிருக்கிறது. அந்தக் கடனில் நம்மால் அடைக்க முடிந்த பங்கு, தினமும் ஒரு நிமிடம் அவற்றின் கண்ணைக் கவனித்துப் பார்ப்பது. எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த வரலாறே சொல்லித் தருகிறது.

முதலில், நாய் பூனைக்கு மருத்துவம் எவ்வளவு தாமதமாக வந்தது என்று பாருங்கள். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சில் லியோன் நகரில் 1762இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய கிளாட் பூர்ஷெலா குதிரையேற்றம் கற்பித்தவர். படைக்குக் குதிரை வேண்டும், உழவுக்கு மாடு வேண்டும், மாடுகளோ கொள்ளைநோயில் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. அதற்காகத்தான் அந்தப் பள்ளி. நம் ஊரில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1903. இன்றைக்கும் நம் கிராமங்களில் கால்நடை மருத்துவமனைக்கு 'மாட்டாஸ்பத்திரி' என்றுதானே பெயர்? அந்தப் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. நாயும் பூனையும் அந்த வாசலுக்குள் பின்னால்தான் நுழைந்தன. நாயின் கண்ணுக்கென்றே மாக்ரேன் என்ற அமெரிக்க மருத்துவர் புத்தகம் எழுதியது 1965இல்.

அதே 1903இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷிர்மர் என்ற கண் மருத்துவர் மிக எளிய சோதனை ஒன்றை அறிமுகப்படுத்தினார். மை ஒற்றும் தாள்போன்ற ஒரு சிறு பட்டையைக் கீழ் இமைக்குள் செருகிவைத்து, அது எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று அளப்பது. கண்ணில் போதுமான கண்ணீர் ஊறுகிறதா என்று அது சொல்லிவிடும். மனிதர்களுக்கு ஐந்து நிமிடம் வைப்பார்கள். நாய்க்கு ஒரு நிமிடம் போதும். ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நனைந்தால் நல்லது. பத்துக்குக் கீழே போனால் கண் காய்கிறது என்று பொருள். நூற்றிருபது ஆண்டு கடந்தும் இன்றும் நாய் மருத்துவமனைகளில் இதே தாள்தான்.

கண் உலர்ந்த நாய் எப்படி இருக்கும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உலர்வு என்றால் கண் வெறுமையாக இருக்கும் என்று நினைப்போம். நிலைமை நேர்மாறு. கண்ணீர் குறைந்ததும் பிசுபிசுவென்று மஞ்சளோ பச்சையோ கலந்த பீளை கயிறு கயிறாக ஒட்டிக்கொண்டு வரும். துடைத்தால் மறுநாளும் வரும். கண்ணில் இருக்க வேண்டிய பளபளப்பு போய், பழைய கண்ணாடிபோல் மங்கித் தெரியும். நாளாக ஆகக் கருவிழிமேல் பழுப்புத் திரை படரும். "வெறும் பீளைதானே" என்று மாதக்கணக்கில் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்குள் பார்வை போய்விடும். பக், ஷிட்ஸு, காக்கர் ஸ்பானியல், புல்டாக் ஆகிய இனங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

இதற்கு முன்பு இருந்த வைத்தியம் விசித்திரமானது. கன்னத்தில் இருக்கும் உமிழ்நீர்க் குழாயை அறுவை செய்து, வாய்க்குப் போக வேண்டிய எச்சிலைக் கண்ணுக்குத் திருப்பிவிடுவார்கள். 1960களில் நாய்களுக்கு இது பழக்கத்துக்கு வந்தது. கண் நனையும், உண்மைதான். ஆனால் சோற்றுத் தட்டைப் பார்த்ததும் நாயின் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றும். மருந்து பலிக்காத சில நாய்களுக்கு இன்றும் இதைச் செய்கிறார்கள்.

அந்த நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இருந்த கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வான் என்ற பெண்மணி. பல நாய்களில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்கிக் கெடுக்கின்றன என்பதை வைத்து அவர் யோசித்தார். அப்படியானால் அந்தத் தாக்குதலை அடக்கும் மருந்தைக் கண்ணிலேயே விட்டால் என்ன? அந்த மருந்து அப்போது உலகத்தில் வேறு வேலைக்காக இருந்தது. நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்த பூஞ்சைதான் சைக்ளோஸ்போரினுக்கு மூலம். அது எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்று 1972இல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க அதைக் கொடுத்தார்கள். காஸ்வான் அதை 1980களில் எண்ணெயில் கலந்து நாயின் கண்ணில் விட்டார். வற்றிய சுரப்பிகளில் மறுபடியும் கண்ணீர் ஊறியது. பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்: 1995இல் நாய்க்கு, 2002இல் நமக்கு.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது 'செர்ரி ஐ'. நாய்க்கும் பூனைக்கும் மூன்றாவதாக ஓர் இமை உண்டு, கண்ணின் உள்மூலையில். அதன் அடியில் இருக்கும் சுரப்பி சில குட்டிகளுக்கு வெளியே பிதுங்கி, செர்ரிப் பழம்போல் சிவப்பாக நிற்கும். பீகிள் குட்டிகளுக்கும் காக்கர் குட்டிகளுக்கும் இது சகஜம். ஒரு காலத்தில் அதை வெறும் சதை என்று நறுக்கி எறிந்துவிடுவார்கள். நறுக்கிய நாய்களில் பலவற்றுக்குச் சில ஆண்டுகளில் கண் காய்ந்தது. அந்தச் சிவப்புச் சதை கண்ணீரில் பெரும் பங்கைத் தரும் சுரப்பி என்று பிறகுதான் தெளிவானது. 1980களிலிருந்து, வெட்டாமல் உள்ளே தள்ளித் தைக்கும் முறைகள் வந்தன. ஆகவே உங்கள் குட்டிக்கு இது வந்து, யாராவது "வெட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்றால், உள்ளே வைத்துத் தைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அடுத்தது கண்ணில் காயம். இதற்கு உதவும் பொருளும் நம் மருத்துவர்கள் வைத்திருக்கும் அதே பொருள்தான். 1871இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஃப்ளோரசீன் என்ற சாயத்தை உருவாக்கினார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் கண் மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நல்ல கருவிழியில் இந்தச் சாயம் ஒட்டாது. மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத கீறலும் பளிச்சென்று தெரியும். நாயின் கருவிழி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் கனம்தான். பூனை நகம் ஒன்று அதைக் கிழிக்கப் போதும்.

எங்கள் தெருவில் கருப்பன் என்று ஒரு நாய். ஒரு நாள் இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டே திரிந்தது. தண்ணீராக வடிந்தது. வெயிலுக்கு வராமல் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரக்கப்பட்டு ஒரு மருந்துக்கடைக்குப் போய் "நாய்க்குக் கண் சிவந்திருக்கு" என்று சொல்லி ஒரு களிம்பு வாங்கி வந்தான். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்று போட்டிருந்தது. போட வேண்டாம் என்று நிறுத்தி, ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சாயம் விட்டார். கருவிழி நடுவில் அரிசி அளவுக்குப் பச்சை. "ஸ்டீராய்டு போட்டீங்களா சார்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948இல் ஃபிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் மூட்டுவாதத்தில் படுத்திருந்த நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். நோயாளி எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. உலகமே அதை அற்புத மருந்து என்று கொண்டாடியது. கண் சிவப்புக்கும் விட ஆரம்பித்தார்கள். சிவப்பு உடனே மறையும், அதுதான் ஆபத்து. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விட்டால் புண் ஆறாது, கிருமி பெருகும், கருவிழி கரைந்து ஓட்டையே விழலாம். இந்தப் பாடத்தை மனிதக் கண்களும் நிறைய விலை கொடுத்துத்தான் கற்றன. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களை நினைவில் வையுங்கள். சாயம் விட்டுப் பார்க்காமல் இவற்றை எந்தக் கண்ணிலும் விடக் கூடாது. கருப்பன் இரண்டு வாரத்தில் தேறிவிட்டான். ஒரு சின்னப் பூ மட்டும் கண்ணில் தங்கிவிட்டது.

'பூ விழுந்த கண்' என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் இப்படி ஆறிய புண்ணின் தழும்பைத்தான். பூ விழுந்துவிட்டதே என்று நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு என்று ஊற்றுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தழும்பு அதனால் கரையாது. புண் இன்னும் ஆறாமல் இருந்தால் அதில் கிருமி சேரும். அவ்வளவுதான் பலன்.

இனிப் பூனை. பூனை வளர்க்கும் சைவ வீட்டு நண்பர்கள் இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். 1827இல் ஜெர்மனியில் டீடமன், க்மேலின் என்ற இருவர் காளையின் பித்தநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காளைக்கு லத்தீனில் டாரஸ், அதனால் டாரின் என்று அதற்குப் பெயர் வந்தது. ஏறக்குறைய 150 ஆண்டு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1975இல் ஹேய்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புரதத்துக்கு கேசீன் மட்டும் சேர்ந்த உணவு தின்ற பூனைகளின் விழித்திரை அழிந்துபோனது. காரணம், டாரின் குறைவு. கேசீன் என்றால் வேறொன்றுமில்லை, பாலில் இருக்கும் புரதம்.

நாயின் உடல் டாரினைத் தானே செய்துகொள்ளும். பூனையால் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது. எலியிலும் மீனிலும் பறவையிலும் அது கிடைத்துக்கொண்டே இருந்ததால், செய்துகொள்ள வேண்டிய தேவையே அதற்கு இருந்ததில்லை. 1987இல் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. டாரின் குறைந்தால் பூனையின் இதயமும் வீங்கித் தளர்ந்துபோகும். அதற்குப் பிறகு பூனை உணவுத் தயாரிப்பாளர்கள் டாரினைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

நம் வீடுகளில் பூனைக்கு என்ன வைக்கிறோம்? பால் சோறு, தயிர் சாதம். எலியும் ஓணானும் பிடித்துத் தின்னும் பூனைக்கு அதனால் ஆபத்தில்லை. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் கதவு ஜன்னல் பூட்டி வளர்க்கும் பூனைக்கு? அதற்கு எலி எங்கே கிடைக்கும்? விழித்திரை மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேயும். வெளியே ஒன்றும் தெரியாது. கண் சிவக்காது, வடியாது, வலிக்காது. தெரியவரும்போது இழந்த பார்வை திரும்பாது. ஆகவே மீனோ கோழியோ கொடுங்கள். டாரின் தண்ணீரில் கரைந்துவிடும், வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றோடு பிசைந்து வையுங்கள். வீட்டில் அசைவம் சமைக்க முடியாதென்றால், டாரின் சேர்த்த பூனை உணவு பாக்கெட்டுகள் கடையில் கிடைக்கின்றன. நாய்க்கு வாங்கியதையே பூனைக்கும் போடுவது சரிவராது.

பூனைக்குட்டிகள் வழியாக மனிதக் குழந்தைகளுக்குக் கிடைத்த நன்மை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டேவிட் ஹூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணின் இமையைத் தைத்து மூடினார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாகவே இருந்தது, மூளைதான் அந்தக் கண்ணை ஏற்கவில்லை. பார்க்கப் பழகும் பருவத்தில் பார்க்காததால், அந்தக் கண்ணுக்கு மூளையில் இடமே இல்லாமல் போயிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே அளவு காலம் மூடி வைத்தாலும் அப்படி ஆகவில்லை. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிறக்கும்போதே கண்புரையோடு வரும் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே அறுவை செய்ய வேண்டும், மாறுகண் குழந்தையை "வளர வளரச் சரியாகும்" என்று விடக் கூடாது என்று இன்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதற்குப் பின்னால் இந்தக் குட்டிகள் இருக்கின்றன.

தெருவில் பிறக்கும் பூனைக்குட்டிகளின் கண்ணை நோயே ஒட்டிவிடுகிறது. பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் கண் திறக்க வேண்டும். பூனைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ், கிளமிடியா கிருமி ஆகியவை தாக்கினால் சீழ் கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் இமை கருவிழியோடு ஒட்டி வளர்ந்துவிடும், சில குட்டிகளுக்குக் கண்ணே போய்விடும். கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒட்டியிருக்கும் இமைமேல் சற்று நேரம் வைத்திருங்கள். ஊறியதும் மெதுவாகத் துடையுங்கள். விரலால் பிளந்து திறக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த வைரஸ் பூனையின் உடலில் ஆயுள் முழுக்கத் தங்கும். வீடு மாற்றினாலோ புதுப் பூனை வந்தாலோ மறுபடி கண் வடியலாம். பயப்பட வேண்டாம், காட்டினால் போதும்.

நாயிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டதில் மிகப் பெரியது எது என்றால், நான் மாலைக்கண் நாய்களைத்தான் சொல்வேன். 1911இல் ஸ்வீடனில் மாக்னுசன் என்பவர் கார்டன் செட்டர் இன நாய்களில் பரம்பரையாக வரும் ஒரு விழித்திரை நோயைப் பற்றி எழுதினார். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பகல் பார்வையும் போகும். அதே ஸ்வீடனில் 1980களின் இறுதியில் பிரையார்ட் என்ற பிரெஞ்சு மேய்ச்சல் இன நாய்களில் பிறவியிலேயே வரும் பார்வைக் குறையை நார்ஃப்ஸ்ட்ரோம் என்ற பெண் மருத்துவர் விவரித்தார். ஆர்பிஇ65 என்ற மரபணுவில் கோளாறு என்று 1998இல் தெரிந்தது. மனிதக் குழந்தைகளைப் பிறவியிலேயே பார்வையற்றவர்களாக்கும் நோய்களில் ஒன்றுக்கும் அதே மரபணுதான் காரணம்.

ஆகிலண்ட், அகீரே, ஜீன் பென்னட், ஜேக்கப்சன் ஆகியோர் இருந்த அமெரிக்கக் குழு, தீமை செய்யாத ஒரு வைரசின் முதுகில் நல்ல மரபணுவை ஏற்றி மூன்று நாய்களின் விழித்திரைக்கு அடியில் செலுத்தியது. அவற்றில் ஒன்றின் பெயர் லான்சலாட். சிகிச்சை செய்த கண் இருக்கும் பக்கத்தில் நாற்காலி இருந்தால் நாய் விலகிப் போனது. செய்யாத பக்கத்தில் இருந்தால் முட்டிக்கொண்டது. 2001இல் முடிவை வெளியிட்டார்கள். அதன் வழியில் வந்த சிகிச்சையை 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு மனிதர்களுக்கு அனுமதித்தது. பரம்பரை நோய் ஒன்றுக்கு அந்த நாடு அனுமதித்த முதல் மரபணுச் சிகிச்சை அதுதான். இருட்டில் தடுமாறிய பிள்ளைகள் தாங்களாக நடந்தார்கள்.

ஆனால் நம் லாப்ரடாருக்கும் காக்கருக்கும் வரும் பரம்பரை மாலைக்கண்ணுக்கு இன்னும் மருந்து வரவில்லை. அறிகுறியைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். அந்தி சாய்ந்தால் படியிறங்கத் தயங்கும், இருட்டான அறைக்குள் போகாது, பாவை விரிந்தே இருக்கும், வெளிச்சம் பட்டால் கண் முன்பைவிட அதிகமாக மின்னும். பார்வை போன நாயும் பூனையும் நிம்மதியாக வாழும், நாம் நாற்காலி மேசையை இடம் மாற்றாமல் இருந்தால். சோற்றுத் தட்டு அதே இடத்தில் இருக்கட்டும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அப்படிப்பட்ட நாயிடம் குட்டி எடுக்க வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கும் இதில் பங்கு உண்டு. 1921இல் டொரோண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தது நாய்களை வைத்துத்தான். நாய்க்கே சர்க்கரை நோய் வந்தால், பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை மிக வேகமாக வரும். சில வாரத்தில்கூடக் கண் வெள்ளையாகிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, இளைத்துக்கொண்டே போகும் நாயின் கண் வெளுத்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி லேசாக நீலம் பாய்ந்து, பார்வை நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் வயதின் அடையாளம். ஆனாலும் எது புரை, எது வயது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சில நேரம் கண்ணில் தெரிவது உடம்பின் நோயாக இருக்கும். குட்டி நாயின் இரண்டு கண்ணிலும் கெட்டிச் சீழ், கூடவே இருமலும் காய்ச்சலும் இருந்தால் டிஸ்டெம்பர் என்று சந்தேகப்பட வேண்டும். தடுப்பூசி இருக்கிறது, தவறாமல் போடுங்கள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்தாலோ மங்கினாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வயதான பூனை திடீரென்று சுவரில் முட்டினால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், சிறுநீரகமும் கெட்டிருக்கலாம். சீக்கிரம் கொண்டுபோனால் சில பூனைகளுக்குப் பார்வை கொஞ்சமாவது திரும்பும்.

கண்ணப்பர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அவர் விரும்பிக் கண்ணைக் கொடுத்தார். நான் சொன்ன நாய்களையும் பூனைகளையும் யாரும் கேட்கவில்லை. தைத்து மூடிய அந்தக் குட்டிகளிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். அந்த ஆராய்ச்சிகள் நடந்திருக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்வை பெற்ற குழந்தைகளின் முகம் கண்முன் வருகிறது. அதற்காக மறந்துவிடவும் மனம் வரவில்லை. கடன் என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? பகல் வெளிச்சத்தில் முகத்தைக் கையில் ஏந்தி இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பளபளப்பு ஒன்றாக இருக்கிறதா? பாவை ஒரே அளவா? ஒன்று மட்டும் சிவந்தோ மங்கியோ சிறுத்தோ இருக்கிறதா? பீளையின் நிறம் என்ன? முன்னங்காலால் தேய்க்கிறதா? கண்ணைச் சுருக்கினால் வலிக்கிறது என்று பொருள். நாய் வலியை வாய் விட்டுச் சொல்லாது, பூனை அதையும் மறைக்கும்.

இவற்றுக்கு மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்: கண்ணைத் திறக்கவே முடியாமை, திடீரென்று கண் நீலமாகவோ வெள்ளையாகவோ மாறிப் பெரிதாகத் தெரிவது, திடீர்ப் பார்வையிழப்பு, கண்ணில் ஏதாவது குத்தி நிற்பது. கண் அழுத்தம் ஏறினால் சில மணி நேரத்திலேயே பார்வை போகலாம். பக் போன்ற தட்டை மூஞ்சி நாய்களுக்குச் சண்டையிலோ அடிபட்டோ விழி வெளியே பிதுங்கிவிடும். உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடி, காயாமல் நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அந்த இன நாய்களைக் கழுத்துப்பட்டையில் பிடித்து இழுக்காமல், மார்பில் மாட்டும் வாரில் கூட்டிப்போவது நல்லது.

மருந்து விடும்போது எதிரே நின்று பாட்டிலை நீட்டினால் எந்த நாயும் மிரளும். பின்னாலிருந்து அணைத்து, தாடையைச் சற்று உயர்த்தி, மேலிருந்து ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி, சொட்டு முதலில், களிம்பு பிறகு. ஒரு கண்ணைத் துடைத்த பஞ்சு அடுத்த கண்ணுக்கு ஆகாது. கழுத்தில் மாட்டித் தரும் பிளாஸ்டிக் கூம்பை, பாவம் என்று கழற்றிவிடாதீர்கள். ஒரே ஒரு சொறிதல் பத்து நாள் மருந்தை வீணாக்கிவிடும். சிவப்பு மறைந்துவிட்டதே என்று மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பக்கும் பூனையும் வளர்க்கும் உங்கள் உறவினர்களுக்கு இதை அனுப்புங்கள். குறிப்பாக, பால் சோறு மட்டும் வைக்கும் வீட்டுக்கு.